நாலரை கிகாஹெர்ட்ஸும் ஒரு கும்பகோணம் பயணமும்

2012 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய சிற்றிதழ் ஒன்றின் 27ஆம் இதழைத் திறக்கப் போனேன். 7-ஜிப் என்ற சுருக்கும் மென்பொருள் பாதித் தூரம் ஓடிவிட்டு, சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை, கோப்பு சிதைந்திருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. மறுபடி திறந்தேன். அதே பக்கம், அதே பிழை. மொத்தம் 41 இதழ்கள் அப்படிச் சுருக்கி வைத்திருந்தேன். காபி ஆறியதுகூடத் தெரியாமல் ஒவ்வொன்றாகச் சோதித்ததில் 27, 33, 34 மூன்றும் போயிருந்தன.

இதழ்கள் எனக்குச் சொந்தமானவை அல்ல. கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுபதுகளிலிருந்து சேர்த்துவைத்தவை. ஸ்கேன் செய்து தருகிறேன் என்று மார்ச்சில் வாங்கிவந்து, மே கடைசியில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருந்தேன். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் ஒரு பக்கமே ஐம்பது மெகாபைட்டைத் தொடும். 2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி, விலை ஏறி, அது முழுதாக இறங்காமல் இருந்த காலம். புதிய டிஸ்க் வாங்க மனம் வரவில்லை. ஓர் இதழ் முடிந்ததும் சுருக்குவேன், மூலப் படங்களை அழித்துவிடுவேன். சுருக்கியது ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வசதி அதே மென்பொருளில் இருக்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை.

குற்றவாளி யார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.

2011 நடுவில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய இன்டெல் கோர் ஐ5-2500கே செயலி அது. அந்த ஆண்டு ஜனவரியில் வெளிவந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. நான்கு கோர், அதாவது ஒரே சில்லுக்குள் நான்கு கணக்கு இயந்திரங்கள். அட்டையில் போட்டிருக்கும் வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஒரே ஒரு கோர் மட்டும் வேலை செய்தால் டர்போவில் 3.7 வரை தானே ஏறும். நான்கும் சேர்ந்து உழைத்தால் 3.4. பெயரின் கடைசியில் நிற்கும் ‘கே’ என்ற ஓர் எழுத்துக்காகத்தான் கூடுதல் காசு கொடுத்தேன். அதற்குப் பெருக்கெண் பூட்டப்படவில்லை என்று பொருள். மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை 33ஆல் பெருக்கினால் 3.3. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் போய் 45 என்று போட்டால் 4.5. இப்படி முடுக்குவதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர். அடிப்படைத் துடிப்பை உயர்த்தலாமே என்றால், இந்தத் தலைமுறையில் கிராபிக்ஸ் கார்டையும் டிஸ்க்கையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸும் சாட்டாவும் அதே துடிப்பில் கட்டுண்டிருக்கின்றன. நான்கைந்து சதவீதம் தாண்டினால் டிஸ்க்கே காணாமல் போகும். ஆகவே பெருக்கெண் ஒன்றே வழி.

முந்தைய தலைமுறைகளில் இவ்வளவு சொகுசு கிடையாது. 1998இல் வந்த செலரான் 300ஏ சில்லுக்குப் பெருக்கெண் நாலரையில் பூட்டப்பட்டிருந்தது. மதர்போர்டின் துடிப்பை 66இலிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடியது. என் சொந்தப் பாவக்கணக்கு தொடங்கியது ஏஎம்டி டியூரானில். அந்தச் சில்லின் மேற்பரப்பில் சின்னச் சின்னத் தங்கப் புள்ளிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். தொழிற்சாலையில் அவற்றுக்கு இடையிலிருந்த இணைப்பை வெட்டி, பெருக்கெண்ணைப் பூட்டியிருப்பார்கள். பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், நன்றாகச் சீவிய பென்சிலால் புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்தால் பூட்டுத் திறந்துகொள்ளும். விளையாட்டில்லை, உண்மையாகவே திறக்கும். விடுதி அறையில் டியூப்லைட்டுக்கு அடியில், மூச்சை அடக்கிக்கொண்டு, ஓர் அப்சரா பென்சிலால் நான்கு கோடுகள் இழுத்தேன். ஒரு கோடு பக்கத்துப் புள்ளியைத் தொட்டுவிட்டது. ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி இழுத்தேன். 600 மெகாஹெர்ட்ஸ் சில்லு 800இல் கண் விழித்தது. அந்தக் காலத்துச் சில்லுகளுக்கு உலோக மூடி கிடையாது, நடுவில் சிலிக்கான் வெறும் மேனியாக இருக்கும். சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்க்கைக் கொஞ்சம் சாய்த்து அழுத்தினால் ஓரம் உடைந்துவிடும். அடுத்த அறைக்காரனுடையது அப்படித்தான் போயிற்று.

தொழிற்சாலை 3.3 என்று விற்றதை நாம் எப்படி 4.5இல் ஓட்ட முடிகிறது? பலர் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. செயலிக்குள் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வேலை நடக்கிறது. ஒரு பதிவேட்டிலிருந்து (சில்லுக்குள் ஒரு மதிப்பைப் பிடித்துவைக்கும் சிறு இடம்) புறப்படும் சமிக்ஞை, வரிசையாக நிற்கும் டிரான்சிஸ்டர் வாயில்களைத் தாண்டி, அடுத்த துடிப்பு விழுவதற்குள் அடுத்த பதிவேட்டுக்குப் போய்ச் சேர்ந்து அடங்க வேண்டும். 3.3 கிகாஹெர்ட்ஸில் அதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 303 பிக்கோ விநாடி. 4.5இல் 222. அந்த 222 பிக்கோ விநாடிக்குள் வெளிச்சமே ஏழு சென்டிமீட்டரைத் தாண்டாது. சமிக்ஞை ஒரு நூலிழை தாமதமாக வந்தாலும், பதிவேடு பழைய மதிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடும். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம்.

தயாரிப்பாளர் இந்த நேரத்தைத் தாராளமாக ஒதுக்கித்தான் விற்கிறார். ஒரே தட்டில் வார்த்த சில்லுகளில் சில சுறுசுறுப்பானவை, சில மந்தமானவை. மந்தமானதும், மட்டமான விசிறியோடு, புழுக்கமான அறையில், பல ஆண்டு தேய்ந்த பிறகும் தப்பில்லாமல் ஓட வேண்டும். அதற்கெல்லாம் சேர்த்து விட்ட இடைவெளியைத்தான் ஓவர்கிளாக் செய்கிறவன் எடுத்துச் செலவழிக்கிறான். இலவசமாக எதுவும் வந்துவிடவில்லை. யாரோ காரணத்தோடு வைத்திருந்த சேமிப்பில் கை வைக்கிறோம்.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து திரும்பும். அதனால் வேகம் கூட்டும்போது வோல்ட்டும் கூட்ட வேண்டியிருக்கிறது. இங்கேதான் கணக்கு கசக்கும். செலவாகும் மின்திறன் வேகத்தின் நேர் விகிதத்தில் ஏறுகிறது. மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. என் சில்லு நான்கு கோரும் உழைக்கும்போது 3.4இல் ஏறக்குறைய 1.18 வோல்ட் எடுத்தது. 4.5க்கு 1.32 வேண்டியிருந்தது. வேகம் 32 சதவீதம் கூடியது. வெப்பம், பெருக்கிப் பார்த்தால், 65 சதவீதம். 4.6க்கு முயன்றேன், 1.39 கேட்டது. இரண்டு சதவீத வேகத்துக்குப் பதின்மூன்று சதவீத வெப்பம். ஒரு கட்டத்துக்கு மேல் சில்லு இப்படித்தான் கந்துவட்டி கேட்கும்.

ஆளுக்கொரு முறை இருக்கிறது. என்னுடையது ஒரு நாற்பது பக்க நோட்டும் பொறுமையும். கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 ஹீட்சிங்க்கைப் பூட்டி, தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, நினைவகத்தை அதன் இயல்பான 1333லேயே விட்டுவிட்டேன். ஒரே நேரத்தில் இரண்டை முடுக்கினால் எது தவறியது என்று தெரியாது. பெருக்கெண்ணை 40க்கு வைத்துச் சோதனை, பிறகு 42, 43, 44. தவறினால் வோல்ட்டில் 0.01 ஏற்றம். ஒவ்வொரு படிக்கும் நோட்டில் ஒரு வரி: பெருக்கெண், வோல்ட், உச்ச வெப்பம், எத்தனை நேரம் தாங்கியது. 2011 டிசம்பர் கடைசி வாரத்தில் எழுதிய வரி இன்னும் இருக்கிறது. 45, 1.32, 68 டிகிரி, பன்னிரண்டு மணி நேரம், பிழை இல்லை. பக்கத்தில் பச்சை மையில் ஒரு நட்சத்திரம். அறையின் வெப்பநிலையை எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் ஓட்டியது பிரைம்95ஐ. இது சோதனைக்காக எழுதப்பட்ட மென்பொருள் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. 3, 7, 31, 127 என்று, இரண்டின் அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். அவற்றில் மிகப் பெரியவற்றைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தைக் கொடுப்பார்கள். அந்தத் தேடலில் பல லட்சம் இலக்கம் கொண்ட எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும், அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே ஒரு பெருக்கலில் ஒரு பிட் புரண்டாலும் மாதக்கணக்கான உழைப்பு வீண். ஆகவே தப்பைக் கண்டுபிடிக்கும் வழி அந்த மென்பொருளுக்குள்ளேயே இருந்தாக வேண்டியிருந்தது.

வழி அழகானது. அவ்வளவு பெரிய எண்களை ஃபோரியர் மாற்றத்தின் மூலம் தசம எண்களாக்கிப் பெருக்குகிறார்கள். விடை திரும்பி வரும்போது ஒவ்வோர் உறுப்பும் முழு எண்ணாக இருக்க வேண்டும். தசமக் கணக்கில் சிறு சிராய்ப்பு இருக்கும் என்பதால் 41 என்பது 41.02 என்றோ 40.97 என்றோ வரும். அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்திக்கொள்ளலாம். அந்த விலகல் 0.4க்குள் இருந்தால் நம்பலாம். 0.5 என்று வந்தால், 41.5 என்பது நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா? யாருக்கும் தெரியாது. ஒழுங்கான செயலியில் அப்படி ஒரு விலகல் வரவே கூடாது. வந்தால் ‘விலகல் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குக் கீழ்’ என்று சிவப்பு அடையாளத்தோடு அந்தக் கோர் நின்றுவிடும். ஓவர்கிளாக் செய்கிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான வரி அது. விண்டோஸ் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு பாடிக்கொண்டிருக்கும், சுட்டி நகரும். கணக்கு மட்டும் தவறியிருக்கும்.

நீலத்திரை வந்து விழுந்தால் வருத்தப்படுகிறோம். என்னைக் கேட்டால் நீலத்திரை நல்ல மனிதர். முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். வாயைத் திறக்காமல் ஏழாம் பக்கத்தில் ஒரு பிட்டை மாற்றி வைத்துவிட்டுப் போகிறவரிடம்தான் பயம்.

வோல்ட் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பயாஸில் 1.32 என்று போட்டால் செயலிக்கு எப்போதும் 1.32 போவதில்லை. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குமே, அதே கதை. நான்கு கோரும் திடீரென்று உழைக்கத் தொடங்கினால் மின்னோட்டம் பாய்ந்து, வோல்ட் 1.29க்கோ 1.28க்கோ இறங்கும். அதைச் சரிக்கட்ட மதர்போர்டில் லோடு லைன் கேலிப்ரேஷன் என்று ஓர் அமைப்பு உண்டு. உச்சத்தில் வைத்தால் இறக்கமே இருக்காது. ஆகா என்று நானும் உச்சத்தில் வைத்தேன். வேலை சட்டென்று நிற்கும்போது என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. இறங்காதே என்று முட்டுக்கொடுத்த வோல்ட், சுமை போன கணத்தில் மேலே எகிறும். கண நேர எகிறல் என்பதால் திரையில் காட்டும் அளவிகள் அதைப் பிடிக்காது, ஆனால் சில்லுக்குத் தெரியும். நடுத்தரத்துக்கு இறக்கிவைத்து, கொஞ்சம் இறக்கத்தை ஏற்றுக்கொண்டு, அந்த இறங்கிய வோல்ட்டிலும் தேறும்படி அமைப்பதே உடம்புக்கு நல்லது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

சரி, ஜூனுக்கு வருகிறேன். முதலில் டிஸ்க்கைச் சந்தேகித்தேன். அதன் உடல்நிலை அறிக்கை சுத்தமாக இருந்தது. சிதைந்த மூன்று கோப்புகளையும் அலுவலகக் கணினிக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். அங்கேயும் அதே இடத்தில் நின்றன. அதாவது படிக்கும்போது தவறவில்லை, எழுதும்போதே தவறாக எழுதப்பட்டிருக்கின்றன. மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுவதும் ஓடியது, நினைவகத்தில் ஒரு பிழை இல்லை. மிச்சம் ஒருவர்தான். அவரைக் காப்பாற்ற இன்னும் நாலு நாள் பார்த்தேன். பிறகு மூன்று கோப்புகளும் எப்போது உருவாயின என்று பார்த்தேன். ஏப்ரல் 22, மே 6, மே 6. மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகள், மூன்றும் பகல் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில். விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். வீயா-லாகர் என்ற பெயரில், 19 என்ற எண்ணோடு, மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக இருந்தன. செயலி தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டால் விழும் பதிவு அது. டிசம்பரில் ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் இல்லை. ஏப்ரல் நடுவிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று. எல்லாமே பகல் வேளை. திருத்த முடிந்ததைத்தான் அது குறித்து வைத்திருக்கிறது. பார்க்காமல் விட்டதை எங்கே குறிக்கும்?

வீடு மேல்மாடி. தலைக்கு மேல் மொட்டை மாடி. மார்கழி இரவில் அறைக்குள் 26 டிகிரி இருந்தால், கத்திரி வெயிலில் பகல் இரண்டு மணிக்கு 38. ஹீட்சிங்க் எவ்வளவு நல்லதானாலும் அறையின் காற்றைக் கொண்டுதான் குளிர்விக்க வேண்டும். 26க்கு 68 என்றால் 38க்கு 80 என்று கூட்டல் கணக்குப் போடலாம். அதுவும் போதாது, ஏனென்றால் சூடான சிலிக்கானில் மின்கசிவு கூடும், கசிவு மேலும் சூடாக்கும். எனக்கு 82 வந்தது. இந்தச் செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைப்பது 98 டிகிரியில்தான். அதற்குப் பதினாறு டிகிரி கீழே இருக்கிறோமே என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். 98 என்பது சில்லு கருகாமல் இருப்பதற்கான எல்லை. கணக்குத் தவறாமல் இருப்பதற்கான எல்லையை நாமே மாற்றிவைத்துவிட்டோம். சூடு ஏறினால் டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும். 68 டிகிரியில் 222 பிக்கோ விநாடிக்குள் ஓடிவந்து சேர்ந்த சமிக்ஞை 82இல் வந்து சேராது.

ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்றே முக்காலுக்கு பிரைம்95ஐ ஓட்டிவிட்டு அறைக்கதவைச் சாத்தினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் தாங்கிய அமைப்பு ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் மூன்றாம் கோரில் நின்றது. விலகல் 0.5.

பெருக்கெண்ணை 43க்கு இறக்கினேன். வோல்ட் 1.27. வெப்பம் 74. அடுத்தடுத்த இரண்டு ஞாயிறும் அதே மதிய நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். தாங்கியது, பிழை இல்லை. அந்தச் சமயத்தில் பிரைம்95இன் 27ஆம் பதிப்பு வந்திருந்தது. ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் சாண்டி பிரிட்ஜின் ஏவிஎக்ஸ் கட்டளைகளைப் பயன்படுத்துவதால் பழையதைவிட அதிகம் சூடாக்கும். அதிலும் ஓட்டினேன். நோட்டில் புதிய பத்தி ஒன்று சேர்ந்தது: அறை வெப்பம். 45க்கும் 43க்கும் இடையில் நான் இழந்தது நாலரை சதவீதம். ஓர் இதழைச் சுருக்க இருபது நிமிடம் ஆகும் என்றால் அதில் ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்குத்தான் கும்பகோணத்துக்கு மறுபடி பஸ் ஏறினேன். ஏழு மணி நேரம். மடியில் ஸ்கேனர், தோளில் மடிக்கணினி. ஆசிரியர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் தம்பி, போன தடவை சரியாக விழவில்லையா?”

“கணினியில் சின்னக் கோளாறு ஐயா. மூன்று இதழ் மட்டும் மறுபடி எடுக்க வேண்டும்.”

“புதுக் கணினி என்று சொன்னீர்களே?”

புதுக் கணினிதான் ஐயா, அதைத் தொழிற்சாலை சொன்ன வேகத்தில் ஓடவிடாமல் நான்தான் முடுக்கிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் உள்ளே போய் மூன்று இதழ்களையும் எடுத்துவந்தார். பிரிக்கும்போது 33ஆம் இதழின் அட்டை தையலோடு கையில் வந்துவிட்டது. போன முறை அது ஒட்டித்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளேயிருந்து பசை டப்பாவை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். எனக்குக் காபி இறங்கவில்லை.

இப்போது ஓவர்கிளாக்கிங் என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது. செயலிகள் வெப்பம், மின்னோட்டம் எல்லாவற்றையும் தாங்களே அளந்துகொண்டு, போகக்கூடிய மட்டும் தாங்களே ஏறிவிடுகின்றன. நமக்கு விட்டுவைத்த இடைவெளி மிகக் குறைவு. அதனால் இப்போது பலர் எதிர்த்திசையில் போகிறார்கள். வோல்ட்டைக் குறைக்கிறார்கள், குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் செயலி தானே கூடுதல் வேகத்தில் நிற்கும். கோவையில் இருக்கும் சித்தி மகன் 2021இல் ரைசன் 5 5600எக்ஸ் வாங்கினான். ஏஎம்டி அந்தத் தலைமுறையில் கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்றைக் கொடுத்திருந்தது. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வோல்ட்டை மைனஸ் 30 படி வரை குறைக்கலாம். ஒரு படி என்பது மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட்.

“அண்ணா, ஆறு கோரிலும் மைனஸ் முப்பது! அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினேன், அசையவில்லை” என்று தொலைபேசியில் துள்ளினான்.

“சும்மா இருக்கும்போது?” என்றேன்.

“சும்மா இருக்கும்போது என்ன ஆகப்போகிறது?”

நாலாம் நாள் ராத்திரி அழைத்தான். படம் பார்த்து முடித்து, ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது கணினி தானாக அணைந்து எழுந்ததாம். முழுச் சுமையில் தேறியது எப்படிச் சும்மா இருக்கும்போது தவறும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது 76 வாட் என்ற வரம்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும்; எந்தக் கோரும் உச்ச வேகத்துக்குப் போகாது. யாரும் பார்க்காத நேரத்தில், ஒரே ஒரு கோர் விழித்து, நாலரை கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு கணம் தாவும். வோல்ட் குறைத்த வலி அங்கேதான் தெரியும். கூட்டத்தோடு நடக்கும்போது தெரியாத கால் வலி தனியாக ஓடினால் தெரிவதுபோல. ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றிச் சோதிக்கும் கோர்சைக்ளர் என்ற சிறு கருவியை இறக்கிக்கொள்ளச் சொன்னேன். உள்ளே அதுவும் பிரைம்95ஐத்தான் ஓட்டுகிறது. மூன்று இரவுகள் போயின. கடைசியில் இரண்டு கோர்கள் மைனஸ் எட்டுக்கும் மைனஸ் பன்னிரண்டுக்கும் வந்து நின்றன. மற்றவை மைனஸ் 25. எட்டும் பன்னிரண்டும் கேட்டவை, செயலி ‘சிறந்த கோர்கள்’ என்று தானே முத்திரை குத்தியவை. நன்றாக ஓடுகிறவர்களிடமிருந்து தொழிற்சாலை முன்பே கசக்கிப் பிழிந்துவிட்டது, நமக்கு ஒன்றும் மிச்சமில்லை.

தொழிற்சாலையே அளவு மீறிப் பிழிந்தால் என்ன ஆகும் என்பதும் பிறகு தெரிந்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பல, யாரும் முடுக்காமலே தடுமாறத் தொடங்கின. தேவைக்கு மேல் ஏறிய வோல்ட்டால் சில்லு முன்கூட்டியே தேய்ந்து, அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்ட் கேட்கும் நிலைக்குப் போகிறது என்று 2024இல் நிறுவனமே விளக்கியது. செயலியின் உள்மென்பொருளான மைக்ரோகோடைத் திருத்தியது, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. எனக்கு அதில் உறைத்தது ஒரு சிறு விவரம். வீடியோ விளையாட்டுகள் தங்கள் சுருக்கப்பட்ட கோப்புகளை விரிக்கும் இடத்தில் அந்தக் கோளாறு அடிக்கடி தலைகாட்டியது. சம்பந்தமே இல்லாமல், வீடியோ நினைவகம் போதவில்லை என்று திரையில் செய்தி வருமாம். ஆட்கள் கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். நான் டிஸ்க்கைச் சந்தேகித்த மாதிரி.

என் 2500கே இன்னும் வீட்டில் இருக்கிறது. மகள் பள்ளிக்கூட வேலைக்கு வைத்திருக்கிறாள், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கேசட்டுகளை எம்பி3 ஆக்கப் பயன்படுத்துகிறேன். 43, 1.27. பன்னிரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாள் அவள் கணினியைப் போடும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். கருப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. அவள் பார்க்காமலேயே எஃப்1 விசையைத் தட்டினாள்.

“என்ன அது?”

“தினமும் கேட்கும் அப்பா. இதை அழுத்தினால் போய்விடும். தேதி 2011 என்று காட்டும், அதையும் மாற்றிக்கொள்வேன்.”

“எத்தனை நாளாக?”

“அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாலிருந்து.”

மதர்போர்டின் நாணய பேட்டரி செத்திருந்தது. இரவில் சுவிட்சை அணைத்ததும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, காலையில் தொழிற்சாலை அமைப்புக்குப் போயிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மேல் அந்தக் கணினி 3.3இல் ஓடியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் அதில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தெருமுனைக் கடையில் 2032 பேட்டரி ஒன்று வாங்கிவந்து மாற்றினேன். மேசை அறையிலிருந்து நோட்டைத் தேடி எடுத்தேன். பெருக்கெண் என்ற இடத்துக்குப் போய், 43 என்று தட்டினேன்.